பெயர் சொல்லாத குறை

என் அன்பு மனைவிக்கு,

இங்கு நான் நலம். நீயும் மகளும் பேரனும் நலம்தானே? இது நானே எழுதுவது. பக்கத்து வீட்டுக்காரர் எழுதித் தந்தார் என்று நினைத்துவிடாதே. அவர் கையெழுத்து இதைவிட மோசம்.

சாயங்கால முதியோர் கல்வி வகுப்பில் எங்களுக்குச் சொல்லித் தருபவர்கள் ஆசிரியர் பயிற்சிக்குப் படிக்கும் பிள்ளைகள். வகுப்பு முடிந்ததும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, மேற்பார்வையாளர் அம்மாவிடம் குறைகளைப் பேசுவார்கள். அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் பாராட்டு, பிறகுதான் குறை. யார் பெயரும் வரக் கூடாது. நேற்று மழை விடட்டும் என்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். யாரும் கவனிக்கவில்லை.

"ஃபேன் பார்க்க ரொம்ப அழகா இருக்கு, சுத்தினா இன்னும் அழகா இருக்கும்" என்றான் ஒருவன். அடுத்தவள், "ஒரு மாணவருக்கு ஆர்வம் அபாரம், கொஞ்சம் குறைஞ்சா மத்தவங்களும் வாயைத் திறப்பாங்க" என்றாள். கேள்வி முடியும் முன்பே பதில் சொல்லிவிடுகிறாராம். யாரடா அந்த முந்திரிக்கொட்டை என்று எனக்கே கோபம் வந்தது. பாடத்தின் நடுவில், சுவரில் மாட்டியிருக்கும் தீயணைப்பு உருளையின் எழுத்தையெல்லாம் உரக்கப் படிக்கிறார் என்றதும்தான் உறைத்தது. அடியே, அது நான்!

"அவருக்குத்தான் எழுதப் படிக்க வந்துடுச்சே, சான்றிதழைக் கொடுத்து அனுப்பிடலாம்" என்றார் அந்த அம்மா. சான்றிதழை வைத்துக்கொண்டு சாயங்காலங்களில் எங்கே போவேன்?

அப்போது என் டீச்சர், வட்டத்தில் வாயே திறக்காத பெண், பாராட்டு எதுவுமில்லாமல் நேராக ஆரம்பித்தாள். "அனுப்பாதீங்க மேடம். மத்தவங்க வேலை முடிஞ்சு வந்து தூங்குறாங்க. இவரும் போயிட்டா நான் சுவத்துக்குத்தான் பாடம் நடத்தணும்" என்றாள். முதலில் பாராட்டு எங்கே என்று யாரோ கேட்க, "சரி, மேடம் கண்ணாடி நல்லா இருக்கு" என்றாள். நான் வாய்விட்டுச் சிரித்துத் தொலைத்தேன். வட்டம் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

கடைசியில், நான் வகுப்பில் தொடரலாம் என்று விட்டார்கள். ஆனால் மூன்று பேர் பதில் சொன்ன பிறகுதான் நான் பேச வேண்டும். இன்று அப்படியே இருந்தேன். நாக்கு அரித்தது. அடக்கியதையெல்லாம் வீட்டில் வந்து கொட்டலாம் என்றால், யாரிடம்? தீப்பெட்டி, சோப்பு உறை, காலண்டரின் பின்பக்கம், எல்லாம் படித்தாகிவிட்டது.

பேரன் நடக்கப் பழகியதும் மகள் வீட்டிலிருந்து திரும்பி வருவேன் என்றாய். உன்னை அவசரப்படுத்தவில்லை. அவன் தலையில் கை வைத்து, தாத்தாவின் ஆசீர்வாதம் என்று சொல்: சீக்கிரம் நடக்கட்டும்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்