வாடகைக்குப் பூச்சியம்

இன்று காலை தெரணியகலை பஸ்ஸில் இருந்தபோது கைபேசியில் ஒரு பட்டியல் வந்து நின்றது: ஐரோப்பாவின் பெரிய நகரங்களில் வாழ்க்கைச் செலவு. லண்டன், பாரிஸ், மிலான். பாண், பஸ், மின்சாரம் என்று வரிசையாக. வாடகைக்குத் தனியாக ஒரு கட்டம். அதற்கு மேல் பார்க்க முடியாமல் அணைத்துவிட்டேன். உன்னிடம் சொல்லவேண்டிய ஒன்றை மூன்று வருடமாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நீ வெளிநாடு போகுமுன் நாம் இருவரும் போட்ட செலவுப் பட்டியல் என் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. ஏஜென்ட் உனக்கு இதே மூன்று ஊர்களைத்தான் சொல்லியிருந்தான். நாற்பத்தைந்து வயதில் நீ வெளிநாடு போக நினைத்தது ஒன்றே ஒன்றுக்காக: டவுன் பக்கம் ஐந்து பேர்ச் காணி, அதில் யாரும் உன்னை இறங்கச் சொல்ல முடியாத ஒரு வீடு.

மிலானில் வயதான ஓர் அம்மாவை வீட்டோடு இருந்து பார்க்கும் வேலை. 'வாடகை' என்று எழுதிவிட்டு நான் நிறுத்தினேன்.

"பூச்சியம் போடுடி. வேலை குடுக்கிறவங்களே ரூமும் குடுக்குறாங்க. நம்ம தோட்டத்து லயம் மாதிரி."

"லயம் மாதிரின்னா ஒழுகுமே?"

"ஒழுகுனா வாளி வைக்கிறேன். நமக்குத் தெரியாத வேலையா? கெம்பஸ் போனவ, கூட்டல ஒழுங்காப் போடு."

கூட்டல் ஒழுங்காகத்தான் வந்தது. மிலான்தான் மலிவு. எதையும் லேசில் நம்பாதவள் நான். பாண் விலையைக்கூட இரண்டு இடங்களில் சரிபார்த்தேன். அந்தப் பூச்சியத்தை மட்டும் சந்தேகிக்கவில்லை. இரத்தினபுரியில் பல வருடமாக வாடகை கட்டுகிறவள்தான். ஆனாலும் தோட்டத்தில் பிறந்த புத்தி, வேலையோடு வரும் அறையை இலாபமாகவே பார்த்தது.

மிலானுக்குப் போன இரண்டாவது வருடம் ஃபோனில் வயிற்றுவலி என்றாய். டாக்டரிடம் போனாயா என்று கேட்டேன்.

"போனேன். ஒப்பரேசனாம். ஒரு மாசம் படுக்கணுமாம். எங்க படுக்க? வேலைக்கு வேற ஆளு வந்தா என் கட்டில்ல அவதானே படுப்பா."

"வெளிய ஒரு ரூம் எடேன்."

"கேட்டுப் பாத்தேன். சம்பளம் அதுக்கே போயிரும். உன் கொப்பியில அது இல்லயேடி," என்று சிரித்தாய்.

எனக்கு உன் அப்பா ஞாபகம் வந்தார். நமக்குப் பத்து வயதிருக்கும். காய்ச்சலில் உடம்பு நடுங்க, ரப்பர் மலைக்குப் பால்வெட்டக் கிளம்பினார். தடுத்த உன் அம்மாவிடம், "வேலைக்கு வரலன்னு தொரை பேர வெட்டிட்டா லயத்த விட்டு எறங்கணும்," என்றார். நாம் இருவரும் கேட்டுக்கொண்டுதான் நின்றோம். கேட்டிருந்தும் நான் பூச்சியம் போட்டிருந்தேன். அன்றைக்காவது "திரும்பி வந்துரு" என்று சொல்லியிருக்கலாம். "பாத்துச் செய்" என்று மட்டும் சொன்னேன்.

நீ ஒப்பரேசனைத் தள்ளிப்போட்டாய். நான்கு மாதத்தில் அந்த அம்மாவின் குசினியில் விழுந்தாய். பிறகு பெட்டியில் வந்தாய். உன்னைப் புதைத்ததும் தோட்டத்துக் காணியில்தான். அதற்கும் துரையிடம் கேட்க வேண்டியிருந்தது.

போன மாதம் எனக்குக் காய்ச்சல். என் வாடகை அறையின் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று நாள் படுத்திருந்தேன். யாரும் எழும்பச் சொல்லவில்லை. நான்காம் நாள் உடம்பு தேறிவிட்டது. ஆனாலும் எழும்பவில்லை. இன்னும் ஒரு நாள் படுத்தேன். அது உனக்காக என்றால் நீ சிரிப்பாய். உனக்காகத்தான் படுத்தேன்.