தாழிக்கு முன் ஒரு பிடி எள்ளுச்சோறு

இன்று ஆடி அமாவாசை. நம் அருங்காட்சியகத்தைத் திறந்து கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, எள்ளுச்சோற்று வாசம் வந்தது. எனக்குத் திக்கென்றது. திரும்பிப் பார்த்தால், சாரலில் நனைந்த சேலையோடு ஆய்க்குடி அக்கா. மூட்டுவலியால் இரண்டு வருடம் வராதவர், தூக்குச்சட்டியும் கையுமாக நிற்கிறார்.

உனக்கு மறந்திருக்காது. அவர் வயலில் கிணறு வெட்டும்போது எலும்போடு கிடைத்த முதுமக்கள் தாழியைத்தான் தென்காசிக்குக் கொண்டுவந்து கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்தார்கள். "எங்க வயல்ல கெடந்தவுக, எங்க வீட்டு ஆளுதான" என்று ஆடி அமாவாசைதோறும் சோற்றோடு வந்துவிடுவார். உள்ளே சாப்பாடு கூடாது என்பது விதி. நீயோ தடுப்புக் கயிற்றை அவிழ்த்துவிட்டு, வாழையிலையும் விரித்துக் கொடுப்பாய்.

நான் அருங்காட்சியகத்தை நடத்தும் சங்கத்தின் செயலாளருக்கு உன்மேல் புகார் எழுதினேன். எறும்பு மொய்க்கிறது என்று காரணம் காட்டினேன். எறும்பாவது ஒன்றாவது! வருகிறவர்கள் எல்லாரும் உன்னையே தேடினார்கள். எனக்கு வயிற்றெரிச்சல், அவ்வளவுதான். ஒரே வாரத்தில் உன்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். போகிற அன்று எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தாய். "யாரோ போட்டுக் குடுத்திருக்காவ. விடு ஏட்டி, ஒன் வேலையாவது நிக்கட்டும்" என்றாய்.  டீயைக் குடித்து முடித்தேன்.

மூன்று நாள் காய்ச்சலில் நீ போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. சாயங்காலம் பூட்டும்போது நான் தாழிப் பக்கம் பார்ப்பதில்லை. பார்க்காவிட்டாலும், "ஏட்டி, போலாமா" என்று உன் குரல் அங்கிருந்து கேட்கத்தான் செய்கிறது. பூட்டில் சாவியை நுழைக்க இரண்டு மூன்று தடவை ஆகிறது.

அக்கா வந்ததும் உன்னைத்தான் கேட்டார். நீ உயிரோடு இல்லை என்று சொன்னேன். தூக்குச்சட்டியைத் தரையில் வைத்தார். இந்தத் தடவை கயிற்றை நானே அவிழ்த்தேன். தாழிக்கு ஒரு பிடி வைத்தவர், பக்கத்திலேயே இன்னொரு பிடி வைத்தார்.

"இது அந்தப் பிள்ளைக்கு. பேரச் சொல்லித்தான் கூப்பிடணும். அவ பேரு என்னது?"

 நீ போனபிறகு உன் பெயரை நான் யாரிடமும் சொன்னதில்லை. கடைசியாக அதை எழுதியது அந்தப் புகாரில்தான்.

சொன்னேன். புகார் எழுதியது நான் என்பதை மட்டும் அவரிடமும் சொல்லவில்லை. அக்கா உன் பெயரைச் சத்தமாகச் சொல்லி, சாப்பிட வா என்று கூப்பிட்டார். நீ வந்துவிடுவாயோ என்று பயந்து கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.