பெயர் சொல்லிக் கூப்பிடாத மதியம்

என் பிரியமுள்ள தாணு அண்ணனுக்கு,

நீ இருக்கிற இடத்தில் சுகம் விசாரிக்கும் வழக்கம் உண்டா, தெரியவில்லை. இங்கே நான் சுகம். எண்பத்து மூன்று முடிந்துவிட்டது. காது கொஞ்சம் மந்தம். நாக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று கேட்கும் உன் புத்தி எனக்கும் ஒட்டிக்கொண்டு இன்னும் விடவில்லை.

போன மாசம் ஒரு பொம்மையின் நெஞ்சை இரண்டு கையாலும் அழுத்தினேன் அண்ணே. சிரிக்காதே. நம்ம ஊர் நூலகத்தில் ஷீபா என்று ஒரு நர்ஸ் வந்து, திடீரென்று இதயம் நின்று விழுகிறவர்களை எப்படிக் காப்பாற்றுவது என்று சொல்லிக் கொடுத்தாள். சி.பி.ஆர். என்கிறார்கள். வேடிக்கை பார்க்கத்தான் போனேன். பிறகு எனக்கும் ஒரு பாய் விரிக்கச் சொன்னேன். கால் முட்டு மடங்க மாட்டேன் என்றது. நான் விடவில்லை.

"விழுந்தவரத் தோள்ல தட்டிப் பேரச் சொல்லிச் சத்தமா கூப்பிடணும்" என்றாள் ஷீபா. "பதில் இல்லன்னா மூச்சு இருக்கான்னு பாக்கணும். சில பேரு வாயத் திறந்து திறந்து 'ஹா'ன்னு இழுப்பாங்க. கை காலு வெட்டி வெட்டி இழுக்கும். அத மூச்சுன்னு நெனச்சிரப்பிடாது. அந்த நேரத்துல இதயம் நின்னிருக்கும்."

அவள் அந்த 'ஹா'வை ஒருமுறை செய்து காட்டினாள். என் கை பொம்மை மேலேயே நின்றுவிட்டது. எழுபது வருஷத்துக்கு முன்னால் நான் கேட்ட அதே சத்தம்.

அன்றைக்கு நடந்தது உனக்குத் தெரிந்திருக்காது. நீ அங்கே கிடந்தாய், ஆனால் இல்லை. அதனால் நான் சொல்கிறேன்.

நம்ம கன்னியாகுமரி ஜில்லா தமிழ்நாட்டோடு சேருவதற்கு இரண்டு வருஷம் முன்பு. முத்தாரம்மன் கோயில் பங்குனிக் கொடைத் திருவிழா, மதியப் பூசை. உனக்கு இருபத்தொன்று, எனக்குப் பதிமூன்று. கோட்டாறு சைக்கிள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, கால்வாயிலிருந்து கோயிலுக்குக் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தாய். சாமியாடும் கோமரத்தாடியைப் பார்த்து என் காதில், "ஏட்டி, எம்புட்டு குதிச்சாலும் அந்த ஆளு வேட்டி அவுறல பாத்தியா? சாமிக்கு அது மட்டும் ஞாபகம் இருக்கு" என்றாய். நான் சிரிப்பை அடக்க முடியாமல் தாவணியை வாயில் திணித்துக்கொண்டேன்.

அதற்கு முந்தின வாரம் என் கையைப் பிடித்து உன் நெஞ்சில் வைத்தாய். "உள்ள ஒரு எலி ஓடுது, தெரியுதா?" என்றாய். படபடவென்று ஏதோ அடித்தது, பிறகு நின்றது. "சோறு போடு, போயிரும்" என்று நான் கேலி செய்தேன். அந்த எலியைப் பற்றி அம்மையிடம் நாம் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

ஏழாவது குடமோ எட்டாவதோ. மகுட மேளம் அடிக்கிறவர்கள் பக்கத்தில் குடத்தை இறக்கி வைத்தாய், நிமிர்ந்தாய், கால் மடங்கி விழுந்தாய். கண் மேலே செருகியது. கையும் காலும் வெட்டின. வாயைத் திறந்து 'ஹா' என்று இழுத்தாய்.

முதலில் பார்த்தவள் நான். முதலில் நாக்கைச் சுழற்றிக் குரவையிட்டவளும் நான்தான் அண்ணே.

நம்ம ஊரில் கொடை அன்றைக்குக் கோயில் முற்றத்தில் ஒருத்தர் விழுந்து வெட்டினால் வேறு எதை நினைப்பார்கள்? சாமி வந்துவிட்டது என்றுதான். என் குரவையைக் கேட்டு எல்லாப் பெண்களும் குரவையிட்டார்கள். மகுடக்காரர்கள் உன் பக்கம் திரும்பி வேகம் கூட்டினார்கள். "கேலி பண்ணினவன் மேலயே இறங்கிட்டாளே" என்று யாரோ சொன்னார்கள். அம்மை கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, கும்பிட்ட கையோடு உன் தலைமாட்டில் நின்று அழுதாள். சந்தோஷ அழுகை. உன் நெற்றி நிறையத் திருநீறு பூசினார்கள்.

உன் உதடு கருத்துக்கொண்டு வந்ததை நான் பார்த்தேன். இழுப்புக்கும் இழுப்புக்கும் நடுவே நேரம் கூடியது. எனக்குப் பயம் வந்து "அண்ணே" என்று வாயெடுத்தேன். அருள் வந்தவரைப் பெயர் சொல்லியோ முறை சொல்லியோ கூப்பிடக்கூடாது, கூப்பிட்டால் சாமி கோபித்து அந்த உடம்பை முறித்துவிடும் என்பது நம்ம கோயில் வழக்கம். அம்மை மஞ்சள் கையால் என் வாயைப் பொத்தினாள். "கூப்பிடாத பிள்ள, அம்மன் கோவிப்பா" என்றாள். நான் கூப்பிடவில்லை.

முற்றத்தின் அந்தக் கோடியில் ஆடிக்கொண்டிருந்த கோமரத்தாடி வந்து உன்னைத் தொட்டபோதுதான் மேளம் நின்றது. அவர் தன் தலைப்பாகையை அவிழ்த்து உன் முகத்தை மூடினார்.

அம்மன் கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று ஊர் முடிவு செய்தது. அம்மை அதைப் பிடித்துக்கொண்டுதான் மிச்ச வாழ்க்கையை வாழ்ந்தாள். கோயில் தென்மேற்கு மூலையில் உனக்கு ஒரு பீடம் போட்டார்கள். நீ இப்போது தாணுசாமி, தெரியுமா? கொடைக்குக் கொடை உனக்கு இலை போட்டு ஒரு படப்பு உண்டு. ரசகதலிப் பழமும் சுக்குக் காப்பியும் கட்டாயம். சைக்கிள் கடை வைக்கிறவர்கள் உன்னைக் கும்பிட்டுவிட்டுத்தான் கடை திறக்கிறார்கள். கோயிலைக் கேலி செய்தவனுக்கு நல்ல தண்டனை.

ஷீபாவிடம் நான் நிறையக் கேட்டேன். இதயம் முதலில் சும்மா நின்றுவிடுவதில்லையாம். பல பேருக்கு ஒழுங்கில்லாமல் நடுங்குமாம். மகுடம் அடிக்கிற பத்துப் பேரும் ஆளுக்கொரு தாளம் அடித்தால் எப்படி இருக்கும், அப்படி என்று நான் புரிந்துகொண்டேன். அந்த நடுக்கத்தை நிறுத்தத்தான் டிஃபிபிரிலேட்டர் என்கிற ஷாக் பெட்டி. ஒரு அதட்டுப் போட்டு எல்லோரையும் நிறுத்தினால், இதயம் தானாகவே பழைய தாளத்தைப் பிடிக்கலாமாம். பெட்டியே என்ன செய்ய வேண்டும் என்று பேசிச் சொல்கிறது. நீ இருந்தால் அதைக் கழற்றிப் பார்க்காமல் விட்டிருப்பாயா?

உன் எலி அதுதானா அண்ணே?

"எங்க அண்ணன அன்னைக்குக் கூப்பிட்டிருந்தா பிழைச்சிருப்பானா?" என்று கேட்டேன். ஷீபா என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். "ஆச்சி, நெஞ்ச அழுத்துத இந்த முறையே அதுக்குக் கொஞ்ச வருஷம் பொறவுதான் பழக்கத்துக்கு வந்துச்சு. அப்போ பெரிய டாக்டர் பக்கத்துல நின்னிருந்தாலும் ஒண்ணும் செய்திருக்க முடியாது" என்றாள். எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து வெகுநேரம் அழுதேன். பிழைத்திருக்க மாட்டாய், சரி. ஆனால் உன் காதில் கடைசியாக விழுந்தது மேளமாக இருந்திருக்க வேண்டாமே. நான் கூப்பிட்டதாக இருந்திருக்கலாமே.

மறுநாள் கோயில் கமிட்டியில் போய் நின்றேன். ஷாக் பெட்டி ஒன்று கோயிலில் வேண்டும். விழுகிறவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்த பிறகுதான் குரவை என்று ஒரு கட்டுப்பாடு வேண்டும். பெட்டிக்கு உடனே சரி என்றார்கள். கூப்பிடுவதற்குத்தான் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் எழுபது வருஷம் அடக்கியதைச் சொன்னேன். நீ எப்படிச் செத்தாய் என்று சொன்னேன்.

கமிட்டித் தலைவருக்கு முகம் மாறிவிட்டது. "அப்போ தாணுசாமி சாமி இல்லியா? எங்க வீட்டுல மூணு தலைமுறையா கும்பிடுதோம்" என்றார். அம்மை கட்டிக் காத்ததை நான் இடித்துவிட்டேனோ என்று பயந்தேன்.

இப்போதைய கோமரத்தாடிதான் வாயைத் திறந்தார். உன் முகத்தை மூடியவருடைய பேரன். "எங்க தாத்தா சாகுதவரைக்கும் ஒரு விஷயம் சொல்லிட்டே இருந்தாரு. சாமி வந்தவன் கேட்டா பதில் சொல்லுவான், தாணு சொல்லல, நான் முந்தி வந்து கேட்டிருக்கணும்னு. கூப்பிடட்டும். சாமியா இருந்தா கோவிக்காது" என்றார். அதற்கு மேல் கமிட்டி மறுக்கவில்லை.

இந்தக் குற்ற உணர்வு எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அந்தத் தாத்தாவும் அதே பாரத்தைச் சுமந்திருக்கிறார், அடுத்த தெருவில் இருந்துகொண்டே.

போன வாரம் கொடை. மதியப் பூசையில் தெற்குத் தெரு சுமதி முற்றத்தில் விழுந்தாள். குரவை எழும்பவில்லை, எல்லாப் பெண்களும் என்னைப் பார்த்தார்கள். மகுடம் நின்றது. நான் கம்பை ஊன்றிப் போய்க் குனிந்து, அவள் தோளைத் தட்டி, இருக்கிற சத்தம் எல்லாம் கூட்டி "சுமதி" என்று கூப்பிட்டேன். அவள் கண்ணை உருட்டி என்னைப் பார்த்து, "என்னட்டி, அம்மனையே பேரு சொல்லிக் கூப்பிடுதியா?" என்று அதட்டினாள். அவ்வளவு நல்ல திட்டு நான் வாங்கியதே இல்லை. அங்கேயே நின்று முதல் குரவையை நானே இட்டேன்.

ஷாக் பெட்டியை உன் பீடத்துக்குப் பின்சுவரில் மாட்டியிருக்கிறார்கள். பூப்போடுகிறார்கள் அதற்கும், நான் தடுக்கவில்லை. இனி ஒவ்வொரு கொடைக்கும், கால் நடக்கிறவரை நான் அந்தச் சுவரோரம்தான் உட்காருவேன். என் சத்தம் இருக்கிறவரை இந்த முற்றத்தில் விழுகிற யாரும் கூப்பிடாமல் கிடக்க மாட்டார்கள். இது உனக்கு நான் தரும் வாக்கு.

கொடை முடிந்து எல்லோரும் போன பிறகு பீடத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, வாயைப் பொத்த யாரும் இல்லாததால், சத்தமாகவே கூப்பிட்டேன்.

"தாணு அண்ணே."

எழுபது வருஷம் பிந்திக் கூப்பிட்ட உன் தங்கை,
பகவதி