வெள்ளைச் சதுரங்கள்

மந்தாரக்குப்பம்
புதன்கிழமை

என் பிரியமுள்ள மச்சானுக்கு, ருக்சார் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

முதுகுவலி இப்போது தேவலையா? நாளெல்லாம் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர் முதுகுக்கு ஒரு தலையணையாவது வைத்துக்கொள்ளக் கூடாதா? சொன்னால் கேட்கிற ஆளா நீங்கள்! இங்கே மாமாவும் மாமியும் சுகம். நான் சுகம் என்று எழுதினால் அது பொய். சுகமில்லை என்று எழுதினால் நீங்கள் கடிதத்தை அப்படியே மடித்து வைத்துவிடுவீர்கள். அதனால் அந்த வரியை எழுதாமல் மேலே போகிறேன்.

கையில் செல்போன் இருக்கும்போது இவளுக்கு என்ன கடிதம் கேட்கிறது என்று நினைப்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்தாலே, ‘துஆ செய்யும்மா, எல்லாம் நல்லபடியா நடக்கும், வண்டி எடுக்கணும் வெச்சிடறேன்’ என்று வைத்துவிடுகிறீர்கள். குவைத்தில் உள்ள தண்ணீர் லாரி அத்தனையும் நான் பேச ஆரம்பிக்கும்போதுதான் கிளம்புமா? கடிதத்தை அப்படிப் பாதியில் துண்டிக்க முடியாது. நம் தெரு சிலம்பரசன் அண்ணன் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்து, ‘அவரு படிச்சு முடிக்கிற வரைக்கும் எதுக்கவே உக்காந்துகினு இருங்கண்ணே, எழுந்து போக வுடாதீங்க’ என்று சொல்லப் போகிறேன். அவர் பாவம், சரி என்று தலையாட்டிவிட்டார்.

புதுச்சேரியில் இரண்டாவதாகப் பார்த்த டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னார் மச்சான். நம் பிள்ளைக்கு இரண்டு சிறுநீரகமும் உருவாகவில்லை. அதனால் பனிக்குடத்தில் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாததால் நுரையீரல் வளரவில்லை. வயிற்றுக்குள் இருக்கிறவரை என் உடம்பே அதற்கும் சேர்த்து வேலை செய்துவிடுகிறது. வெளியே வந்தால் அதனால் தனியாக மூச்சுவிட முடியாது. சிறிது நேரம் இருக்கலாம், அந்த நேரம்கூட இல்லாமல் போகலாம். ஆபரேஷன் செய்தால் ஆகாதா, என் சிறுநீரகத்தில் ஒன்றை எடுத்து வைத்தால் ஆகாதா என்று நான் கிறுக்கி மாதிரி மாற்றி மாற்றிக் கேட்டேன். அந்த அம்மா எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் மேஜையைச் சுற்றி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பஸ்ஸில் திரும்பி வரும்போது வடலூரில் மாமா இறங்கிப் போய் எனக்கு இளநீர் வாங்கி வந்தார்.

இதெல்லாம் மாமா உங்களிடம் சொல்லியிருப்பார். நீங்கள் அவரிடம், ‘டாக்டருங்க ஆயிரம் சொல்வாங்க அத்தா’ என்று சொன்னீர்களாம். ஆயிரம் சொல்லவில்லை மச்சான். இரண்டு டாக்டர்களும் ஒன்றைத்தான் சொன்னார்கள்.

போர்வை எவ்வளவு முடிந்தது என்று போன வாரம் கேட்டீர்கள். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். அந்தச் சின்னச் சட்டத்தை உங்களுக்கு வீடியோவில் காட்டினேன், ஞாபகம் இருக்கும். டவுன்ஷிப்பில் யாரோ ரிட்டயர்டு ஆகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது மாமா நம் பழைய சாமான் கடைக்கு வாங்கி வந்த மூட்டையில் அது ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் கிடந்தது. அந்தக் காலத்து வெள்ளைக்கார இன்ஜினியர் வீட்டம்மா யாரோ விட்டுப் போனது என்று விற்றவர் சொன்னாராம். உள்ளங்கை அகலத்தில் ஒரு சட்டம், நாலு பக்கமும் பொடிப்பொடியாக ஆணி, கூடவே ஒரு நீள ஊசி. மாமி அதை வெங்காயம் நறுக்குகிற சாமான் என்று நினைத்து ஒரு வெங்காயத்தை வைத்து அழுத்தியும் பார்த்துவிட்டார். வெங்காயம்தான் கூழானது. நான் யூடியூபில் தேடித் தேடிக் கண்டுபிடித்தேன். நூலை ஆணிகளில் மாட்டி நெடுக்கில் ஒரு சுற்று, குறுக்கில் ஒரு சுற்று, மறுபடியும் நெடுக்கில் ஒரு சுற்று. அதன்பிறகு ஊசியில் நூலைக் கோத்து மேலும் கீழுமாக விட்டு இழுத்தால் சதுரமாகத் துணி வந்துவிடுகிறது. ஆணியிலிருந்து கழற்றினால் நாலு ஓரமும் மூடியே இருக்கும், எங்கேயும் பிரியாது.

அப்போது எனக்கு நாலாவது மாதம். மஞ்சள், கிளிப்பச்சை, ரோஸ் என்று கடைத்தெருவில் கிடைத்த கம்பளி நூலையெல்லாம் வாங்கி நெய்தேன். இந்த வெயிலில் எந்தப் பிள்ளைக்குக் கம்பளிப் போர்வை வேண்டும் என்று மாமா கேட்டார். ‘ஏசி வாங்கப் போறாரு உங்க புள்ளை’ என்று நான் சொன்னேன். எவ்வளவு சிரித்தோம் அன்றைக்கு.

ஸ்கேனில் பிள்ளையின் குறை தெரிந்த பிறகு அந்தச் சட்டத்தைத் தொடவே இல்லை. பரணில் தூக்கிப் போடச் சொன்னேன். அப்புறம் ஒரு நாள் நானே கேட்டு எடுத்தேன். புவனகிரி தறிக்காரர்களிடம் கிடைக்கிற வெள்ளைப் பருத்தி நூல் ஒரு கோன் வேண்டும் என்று மாமாவிடம் சொன்னேன். அவர் அன்றைக்கே போய் வாங்கி வந்தார். ஒற்றை இழையாக நெய்தால் துணி நிற்காது, அதனால் நாலிழை சேர்த்துச் சுற்றுகிறேன். நிலக்கரி மைன்ஸ் தூசியில் வெள்ளைத் துணி என்ன பாடுபடும் என்று உங்களுக்குத் தெரியாதா? முடிந்த சதுரங்களை உடனே டிபன் டப்பாவில் போட்டு மூடிவிடுகிறேன்.

மாமிக்கு முதலில் புரியவில்லை. ‘குழந்தைக்குப் போயி வெள்ளையா போட்டுகினு இருக்கியே, அழுக்காவும், கலர் நூலு என்னா ஆச்சு’ என்று முணுமுணுத்துக்கொண்டே ஒரு சதுரத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். அப்படியே அதை என் மடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனவர், குழம்பு அடிபிடித்து வாசனை வந்தும் வெளியே வரவில்லை. மறுநாள் காலையில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்து, நாலிழையையும் சேர்த்து உருண்டை சுற்ற ஆரம்பித்தார். அதுவரை யார் கேட்டாலும் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, கண்ணுபட்டுப் போச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தவர் இப்போது அப்படிச் சொல்வதில்லை.

ஆமாம் மச்சான், அது போர்வை இல்லை. நம் பிள்ளையை அடக்கும்போது சுற்றுகிற கபன் துணி. கடையில் மீட்டர் கணக்கில் கிழித்துத் தருகிற துணியில் சுற்றி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. பிள்ளைக்கு ஒரு சட்டைகூடத் தைத்துப் போட முடியாத தாய்க்கு இதுவாவது வேண்டும். கோபம் வந்தால் திட்டுங்கள், ஆனால் மேலே படியுங்கள்.

இறந்துபோன பெண்டு பிள்ளைகளின் மையித்தைக் குளிப்பாட்டுகிற அமீனா பீவியை வீட்டுக்கு வரச்சொல்லிக் காட்டினேன். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டதற்குத் தெருவே என்னைப் பேசியது. பேசட்டும். ‘எம்மாம் பெரிசு வேணும்’ என்று கேட்டதற்கு அவர் என் முழங்கையைத் தொட்டு, விரல்நுனிவரை தடவிக் காட்டினார். பிறகு துணியைத் திருப்பிப் பார்த்தவர், ‘கபன்ல தையல் இருக்கக் கூடாதும்மா. நீ ஒவ்வொண்ணையும் ஊசியால தெச்சு சேர்த்துகினு வந்திருக்கியே’ என்றார். எனக்கு அந்த நினைப்பே இல்லை மச்சான். சின்னச் சின்னச் சதுரங்களைத் தைக்காமல் எப்படிச் சேர்ப்பது? அன்றைக்குத்தான் நான் வாய்விட்டு அழுதேன். புதுச்சேரியில்கூட அப்படி அழவில்லை. ‘இத்தைக் கூடவா எனக்கு வுட்டு வெக்கக் கூடாது’ என்று கத்தினேன். அமீனா பீவி பயந்துபோய் என் தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

அழுது முடித்துத் தையலையெல்லாம் பிரித்தேன். பிரிக்கும்போதுதான் ஓரத்தில் வரிசையாக இருக்கிற கண்ணிகளைக் கவனித்தேன். இந்தச் சதுரத்தின் கண்ணியை அந்தச் சதுரத்தின் கண்ணிக்குள் விட்டு இழுத்து, அதனுடையதை இதற்குள் இழுத்து, ஜடை பின்னுகிற மாதிரியே போனால் இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. தனி நூல் வேண்டாம், தையல் வேண்டாம். கடைசிக் கண்ணியில் மட்டும் ஒரு முடிச்சு. அமீனா பீவி பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொண்டு வந்து, ‘பச்சப் புள்ளைக்கு ஒரு துணியே போதுமாம்மா, இது ஆகும்’ என்று சொன்னார். இன்னும் ஒரு வரிசைதான் பாக்கி.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் லீவைப் பிள்ளை பிறந்த நாற்பதாம் நாளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். பேர் வைத்து, விருந்து போட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போட்டோ எடுக்க. அங்கே கடையில் குழந்தைத் தொப்பி பார்த்து அதையும் போட்டோ பிடித்து அனுப்பினீர்கள். அதைப் பார்த்துவிட்டு நான் உங்களுக்குப் பதில் போடவில்லை, என்ன போடுவது? மச்சான், அந்த நாற்பதாம் நாளில் இந்த வீட்டில் தொட்டில் இருக்காது. பாய் விரித்துக்கொண்டு நான் மட்டும்தான் உட்கார்ந்திருப்பேன். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கிடைக்கிற லீவை அதற்காகவா வைத்திருக்கிறீர்கள்? இப்போதே வந்தால் நம்பிக்கையை விட்ட மாதிரி ஆகிவிடும் என்று மாமாவிடம் சொன்னீர்களாம். எனக்கு ஈமான் இருக்கிறது. ஐந்து வேளைத் தொழுகையும் விடவில்லை. ஆனால் பிள்ளை பிழைக்கும் என்கிற நம்பிக்கை இல்லை மச்சான், துளிகூட இல்லை. என்னிடம் இல்லாததை நீங்கள் தினமும் போனில் கேட்கிறீர்கள்.

பிரசவத்துக்கு அடுத்த மாதக் கடைசி என்று தேதி சொல்லியிருக்கிறார்கள். உங்கள் முதலாளி அரபியிடம் போய் லீவை முன்னால் மாற்றித் தரச்சொல்லிக் கேளுங்கள். சிரித்துக்கொண்டே கேட்டால் தரமாட்டார், நிஜத்தைச் சொல்லிக் கேளுங்கள். அவருக்கும் பிள்ளைகள் இருக்கும். இப்போது வந்துவிட்டால் அப்புறம் இரண்டு வருஷம் வர முடியாது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த இரண்டு வருஷத்தை நான் எப்படியோ ஓட்டிக்கொள்கிறேன்.

பிள்ளையை அடக்குகிற மையவாடிக்கு நான் போக முடியாது. பெண்கள் போகிற வழக்கமில்லை, கேட்டாலும் விடமாட்டார்கள். வாசல்வரைதான் எனக்கு. என் அத்தா இருந்தால் அவர் இறங்குவார், அவரும் இல்லை. மாமாவுக்கு இருக்கிற முழங்கால் வலியில் குழிக்குள் இறங்கி ஏற முடியாது. அப்படியானால் யாரோ ஒருவர்தான் அந்தத் துணியோடு பிள்ளையை வாங்கி உள்ளே வைப்பார். நல்ல மனிதராகவே இருக்கட்டும். ஆனால் நம் பிள்ளை யாருக்கோ எதற்கு மச்சான்?

இன்னொன்றும் கேட்டு வைத்திருக்கிறேன். பிள்ளைக்குக் காது கேட்குமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். காதில் ஒரு குறையும் இல்லை, நன்றாகவே கேட்கும் என்றார். மத்தியானம் மைன்ஸில் வெடி வைக்கும்போது ஜன்னல் அதிர்கிறதோ இல்லையோ, இது உள்ளே ஒரு துள்ளு துள்ளுகிறது. பிறந்ததும் வலது காதில் பாங்கு சொல்ல வேண்டும் அல்லவா? ஹஜ்ரத்தை ஆஸ்பத்திரிக்கு வரவழைக்கிறேன் என்று மாமா சொல்கிறார். அவர் ஆட்டோ பிடித்து, வார்டில் அனுமதி வாங்கி, படியேறி வருகிறவரை நம் பிள்ளை காத்திருக்குமா? தகப்பன் என்றால் பக்கத்திலேயே நிற்க விடுகிறேன் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். போனில் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

மற்றப் பிள்ளைகளுக்குப் பாங்கு சொன்ன தகப்பன்மார்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குவார்கள். நீங்கள் பாங்கும் சொல்லிவிட்டு, அன்றைக்கே மண்ணும் போட வேண்டியிருக்கும். இப்படிக் கேட்கிறவள் பொண்டாட்டியா என்று நினைத்தாலும் நினையுங்கள். நம் பிள்ளை கேட்கப் போவது ஒரே ஒரு குரல். எனக்குப் பேச்சு வராது, நான் அழுதுகொண்டுதான் இருப்பேன். அது உங்கள் குரலாக இருக்கட்டும். வந்துவிடுங்கள் மச்சான்.

அல்லாஹ் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

வாசலைப் பார்த்திருக்கும்
உங்கள் ருக்சார்