பாதிக் கலயம்

4 ஜூலை 1966, திங்கள்

புஜ்ஜி, இன்று ஒருத்தி வேலியோரம் நின்று உன்னைக் கேட்டாள். "பாப்பா இல்லீங்களாம்மா?" ஒல்லியான பொம்பளை. முழங்கை வரைக்கும் சாய நீலம்.

"எந்தப் பாப்பா?"

"எஸ்தர் பாப்பாம்மா. நான் ஊர்ல இல்ல. இப்பத்தான் வந்தேன்."

உன்னைக் கல்லறைக்குத் தூக்கிக்கொண்டு போனது இந்தத் தெருவுக்கே தெரியும். இவளுக்கு மட்டும் தெரியாதாம்! கதவைச் சாத்திவிட்டேன். உன் பெயர் அவள் வாயில் எப்படி வந்தது?

6 ஜூலை

அவள் பெயர் வடிவு. சாயப்பட்டறையில் நூல் அலசுகிறாள். எதிர்வீட்டுக் காந்தா சொன்னாள்.

"அவ பொண்ணுக்கும் அதே காய்ச்சல்தாங்க்கா. புஜ்ஜிக்கு முந்தியே வந்துடுச்சு. மாகறல்ல அம்மா வூட்டுக்குத் தூக்கிக்கினு போய்ப் பொழைக்க வச்சிட்டா."

முந்தியே.

இராட்டையில் உட்கார்ந்தால் இழை அறுந்து அறுந்து போகிறது. அவள் பெண்ணுக்கும் உன் வயசுதானாம். அது பிழைத்துக்கொண்டது. உனக்கு அங்கே என்ன வேலை? அவள் கையால் எதையாவது வாங்கித் தின்னியா? எங்கிட்ட ஏண்டி சொல்லல?

7 ஜூலை

உங்கப்பாவிடம் சொன்னேன். "விடு ஞானம்" என்றார். எதைத்தான் விடவில்லை அந்த மனுஷன்.

10 ஜூலை, ஞாயிறு

நீ போனபிறகு இன்றுதான் கோயிலுக்குப் பிடி அரிசி எடுத்துப் போனேன். உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் முதல் பிடி கலயத்துக்கு. அதைப் போடுவது என் கை, ஞாயிற்றுக்கிழமை சுமப்பது உன் கை. இன்று இரண்டும் நானே.

ஏழையின் முகத்தில் ஆண்டவரைப் பாருங்கள் என்று போதகர் ஐயா பேசினார். கோயில் மதில்மேல் கண்ணாடிச் சில்லு பதிக்கச் சொன்னதும் அவர்தான். ஆராதனை முடிந்ததும் எல்லார் அரிசியையும் குவித்து ஏலம் போட்டார்கள். கோயிலுக்கு வெள்ளை அடிக்கவாம். இந்தப் பஞ்சத்தில் அரிசியை ஏலத்தில் எடுக்கிறவர் யார்? வீட்டில் மூட்டை அடுக்கி வைத்திருக்கிறவர்தான்.

உபதேசியார் சம்சாரம் சாலம்மா என் கலயத்தை எட்டிப் பார்த்தாள். "இன்னிக்குத்தான் உங்க வூட்டுக் கலயம் நெறைஞ்சி வருது, ஞானம். பொண்ணு எடுத்தாந்த வரைக்கும் பாதிதான். கர்த்தர் பங்குல கை வச்சா நெலைக்குமா, பாவம்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். என் பிள்ளை திருடியா? அதுக்குத்தான் செத்துச்சாமா? என்னா வாய் அது!

ஆனால் நான் விளிம்பு வரைக்கும் போட்டுத்தானே உன்னிடம் கொடுத்தேன். பாதி எங்கே போச்சு?

எனக்குத் தெரியும். அந்த நீலக் கைக்குத்தான்.

12 ஜூலை

சாயப்பட்டறைக்கே போய்விட்டேன். வடிவு நூலைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"எம் பொண்ணுகிட்ட அரிசி புடுங்கித் தின்னியாடி?"

"புடுங்கலம்மா. ஒருக்கா உங்க கோயில் வாசல்ல நானும் எம் பொண்ணும் நின்னுக்கினு இருந்தோம். உள்ள அரிசி ஏலம் போய்க்கினு இருந்திச்சு. பாப்பா எங்களப் பாத்துச்சு. அதுக்கப்புறம் வாராவாரம் உள்ள போவறதுக்கு முந்தி எம் முந்தானையில பாதியக் கொட்டிடும். சாமி அரிசியாச்சே கண்ணு, பாவம் இல்லியான்னு கேட்டேன். 'ஆண்டவர் ஏலம் எடுக்க வரமாட்டாருக்கா'ன்னு சிரிச்சிது."

அது உன் பேச்சேதான். அந்தக் குசும்பு வேறு யாருக்கும் வராது.

"அப்ப காய்ச்சலும் நீ குடுத்ததுதானா?"

பிழிந்த நூலைக் கீழே வைத்தாள். "ஒரே கெணத்துத் தண்ணிதாம்மா எல்லாரும் குடிக்கிறோம். எனக்குத் தெரியலம்மா."

பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கன்னமெல்லாம் நீலமாகிவிட்டது. நான் அழவில்லை. அது நிஜ அழுகையா, அரிசி நின்றுபோன அழுகையா?

14 ஜூலை

இன்றும் முதல் பிடி எடுத்தேன். கை கலயத்துக்கு மேலேயே நின்றுவிட்டது. ஆண்டவரே, இது எந்த அடுப்புக்குப் போகிறது? இத்தனை வருஷம் எனக்கு இப்படிக் கேட்கத் தோன்றவில்லையே. என் புஜ்ஜிக்குத் தோன்றியிருக்கிறது. அவளைத்தானா எடுத்துக்கொண்டீர்?

17 ஜூலை, ஞாயிறு

"என்ன ஞானம், மறுபடியும் பாதியா?" என்றாள் சாலம்மா, நாலு பேர் காது கேட்க.

"ஆமா. எங்க வூட்டுக் கலயம் கோயிலுக்கு வர்றப்ப எப்பவும் பாதிதான். எம் பொண்ணு வச்ச வழக்கம். இனிமே எட்டிப் பாக்காதே."

போதகர் ஐயா தரையைப் பார்த்தார்.

காலையில் கோயிலுக்கு முன்னே வடிவு வீட்டுக்குப் போயிருந்தேன். "உக்காரும்மா" என்றாள். உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தாள், குடிக்கவில்லை. அவளை நான் இன்னும் முழுசாக நம்பவில்லை, புஜ்ஜி. அவள் பொய் சொல்லியிருக்கலாம். அதற்காக அவள் வீட்டு உலை காயவேண்டுமா?

அவள் பெண் கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தது. காய்ச்சலில் முடியெல்லாம் கொட்டிப்போய், கண் மட்டும் பெரிசாக. அதைத் தொடக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் வடிவு நீட்டிய முறத்தில் பாதி அரிசியைச் சாய்த்தேன். முறத்தைத் தாங்க அது கை நீட்டியது. விரல்மேல் விரல் பட்டுவிட்டது. சூடு இல்லை. கையை இழுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

நீயும் இப்படித்தான் இந்தப் பிள்ளையைத் தொட்டியா, புஜ்ஜி?