கயிறு அறுத்தவர் வீட்டிலிருந்து

தம்பிக்கு, அக்கா எழுதுவது.

'அன்புள்ள' என்று போடக் கை வரவில்லை. நலமா என்றும் கேட்கப் போவதில்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய், பேப்பரில் படம் வருகிறதே.

இங்கே எல்லாப் படகும் கரையில் கட்டிக் கிடக்கிறது. நண்டு கிடைக்கிற காலம் பார்த்துக் கடலை மூட வைத்துவிட்டாய். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்துவிடலாம், அந்தத் திமிங்கில இனத்தில் அவ்வளவு குறைவாகத்தான் மிச்சம் என்று கூட்டத்தில் சொன்னாய். சரி. நம் துறையில் மிச்சம் இருக்கிற படகுகளை யாராவது எண்ணுகிறார்களா? தம்பிக்காரன் கடலை மூடினான், அக்கா புருஷன் திமிங்கிலத்துக்கு எமனானான், நல்ல குடும்பம் என்று ஐஸ் கடையில் என் காதுபடவே பேசுகிறார்கள்.

நடந்ததை உன் அத்தானிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? நான் சொல்கிறேன், கேள். கடலில் போட்ட நண்டுக் கூண்டைத் தூக்கப் போனவர் குட்டியோடு நின்ற தாய்த் திமிங்கிலத்தைப் பார்த்திருக்கிறார். எங்கள் கூண்டுக் கயிறு அதன் வாயைச் சுற்றி இறுகியிருந்தது. மீதிக் கயிறும் மிதவையும் பின்னால் இழுபட்டுக்கொண்டிருந்தன. பார்க்கச் சகிக்காமல் படகைப் பக்கத்தில் விட்டு, கை எட்டின இடத்தில் அறுத்துவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பாவம் பிள்ளைக்காரி, அறுத்து விட்டுட்டேன், போயிடுச்சு என்று சின்னவளிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, இன்னொரு தட்டு சோறு போட்டுச் சாப்பிட்டார்.

நீ மைக்கைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னாய்? பின்னால் இழுபடுகிற கயிறுதான் மீட்கிறவர்களுக்குப் பிடிமானம், அதைப் பிடித்துத்தான் கிட்டே போய் வாயில் இறுகின கயிற்றை அறுக்க முடியும், எங்கள் மீட்புப் படகு புறப்பட்டு வந்துகொண்டிருந்தது, அதற்குள் யாரோ நல்லது செய்வதாக நினைத்து அதைச் சாகக் கொடுத்துவிட்டார் என்றாய். பேர் சொல்லவில்லை, பெரிய மனது. ஆனால் விமானத்திலிருந்து எடுத்த படத்தைத் திரையில் போட்டாய். பாதி சிவப்பு, பாதி மஞ்சள் மிதவை. கூடம் முழுக்க எங்களைத் திரும்பிப் பார்த்தது. அது யார் மிதவை என்று உனக்குத் தெரியாதா? காலேஜ் லீவில் என் பக்கத்தில் உட்கார்ந்து நீயும்தானே அந்தப் பெயின்ட் அடித்தாய். முந்தின நாள் வீட்டுக்கு வந்து, அத்தான், இப்படி ஆகிவிட்டது என்று சொல்ல உன் கால் தேய்ந்தா போயிருக்கும்?

உன்மேல் அவருக்குக் கோபமே இல்லை. எனக்கு வயிறு எரிவதே அதனால்தான். அவன் சொன்னது சரிதான், நான்தான் அவசரப்பட்டுட்டேன் என்கிறார். சோறு இறங்கவில்லை. கரைக்கு யார் வந்தாலும், குட்டியோடு ஒன்று கண்ணில் பட்டதா என்று விசாரிக்கிறார். கடல் திறந்தாலும் இனிமேல் கயிறு போட மாட்டாராம். வேறு என்ன வேலை தெரியும் அவருக்கு? கூண்டையெல்லாம் கொல்லையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். அந்த மனுஷனை எப்படி எழுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

சின்னவளுக்குச் சளி குறைந்திருக்கிறது. மாமா எப்போது வருவார் என்று கேட்கிறாள்.

உங்கள் விமானம் இன்னும் அந்தத் தாய்த் திமிங்கிலத்தைத் தேடுகிறது என்று கேள்விப்பட்டேன். உயிரோடு கண்ணில் பட்டால் அவருக்கு எழுது. ஆபீஸ் காகிதம் வேண்டாம், உன் கையால் எழுது. செத்துக் கிடந்தால் எனக்கு எழுது. எப்போது, எப்படிச் சொல்வது என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

எங்கள் பிழைப்பைக் கெடுத்த அந்தச் சனியனுக்காக நான் விளக்கேற்றி வேண்டிக்கொண்டிருக்கிறேன். இந்த வெட்கக்கேட்டை வெளியே சொல்லாதே.

அது நன்றாக இருக்கட்டும். அது பிழைத்த பிறகு நீயும் நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அக்கா