கருமலைக் கோட்டையில் மிஞ்சிய இரு சாடிகள்

வானளாவிய கருமலைக்கும் அதன் ஏழு கணவாய்களுக்கும் உரியவரான வேந்தர் செருவேலர் திருமுன், சங்குத்துறை வேந்தர் நெடுந்திரையரின் ஆணையால், அவருடைய மதுநிலவறையைக் காத்த கொற்றங்கண்ணரின் மனைவியும் இன்று அப்பொறுப்பை ஏற்றிருப்பவளுமான பொன்னங்கோதை விடுக்கும் ஓலை. தங்கள் மலையில் மழை பொய்க்காதிருக்கட்டும். தங்கள் மக்கள் நெடிது வாழட்டும்.

விருந்தன்று மாலை என் கணவர் தங்கள் விருந்தினர் முற்றத்தில் கால் கழுவிக்கொண்டிருந்தார். மலைநீரின் குளிரைப் பழித்து, இந்த நீரில் மீனுக்கே சளி பிடிக்கும் என்றார். நான் சிரித்தபடி இடைக்கச்சையை மடித்துக் கொடுத்தேன். மெல்லிய வெள்ளைத் துணியொன்றை அதில் செருகிக்கொண்டு கிளம்பினார். அடுத்த நாழிகையில் அவர் உயிரோடு இல்லை.

வேந்தே, சாடிகளோடு வந்த அவருடைய தம்பி இளங்கொற்றனைத் தாங்கள் சிறையில் வைத்திருக்கிறீர்கள். உடன்படிக்கை விருந்துக்கு நாங்கள் கொணர்ந்த மதுவில் நஞ்சு கலந்தான் என்று தங்கள் மன்றத்தார் தீர்ப்பளித்து, வரும் முழுநிலவில் அவனைக் கொல்ல நாள் குறித்திருக்கிறார்கள். அதற்கு இன்னும் ஒன்பது நாட்கள் உள்ளன. இவ்வோலை மலையேற நான்கு நாட்கள் ஆகும். ஆகவே சுருக்கமாகவே எழுதுகிறேன்.

யாரும் அறியாத முத்திரையிட்ட மலிவுச் சாடியை எவரும் ஒரு வேந்தருக்கு நேர்மையாகக் கொடுக்கமாட்டார் என்பது மன்றத்தாரின் முதல் வாதம். அந்த மது மேலைக்கடலுக்கு அப்பால், ஒரு பேராற்றின் கழிமுகத்தில் விளைகிறது. அங்கே சிங்க முத்திரைத் தோட்டம் ஒன்று உண்டு. அதன் பெயர் தங்கள் அவையிலும் தெரியும். பெயர் தெரிந்ததால் அச்சாடிகள் பத்துக் கை மாறி, வெயிலடிக்கும் கொட்டகைகளில் கிடந்து எங்கள் துறைக்கு வருகின்றன. கழுத்துவரை நிற்கவேண்டிய மது நான்கு விரல் இறங்கியிருக்கும். என் கணவர் சாடியை விரலால் தட்டியே அதைச் சொல்லிவிடுவார். அதே தோட்டத்தின் வேலிக்கு இப்பால், அதே சரளை மண்ணில், பெயரில்லாத ஓர் உழவரின் கொடிகள் உள்ளன. மழையும் வெயிலும் அளவோடு அமைந்த ஓர் ஆண்டில் அங்கே பிழிந்த நாற்பது சாடிகளை என் கணவர் ஒன்றாக வாங்கினார். விலை சிங்க முத்திரைச் சாடியின் விலையில் கால் பங்கு. பதினான்கு ஆண்டுகள் நிலவறையில் அவற்றை அசைக்கவிடவில்லை. முதலில் நாக்கைக் கடித்த மது, பத்தாம் ஆண்டில்தான் அடங்கியது. எங்கள் வேந்தர் தம் மகளின் திருமணத்தில் அதைத்தான் பரிமாறினார். அமைச்சர்கள் முத்திரையைக் குறை சொன்னபோது, "வேந்தர் முத்திரை அரக்கைக் கரைத்தா குடிக்கப் போகிறார்?" என்று என் கணவர் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. எங்களிடம் இருந்தவற்றில் சிறந்ததையே தங்களுக்குக் கொடுத்தோம்.

அடுத்து, நஞ்சென்று அவர்கள் காட்டிய, கிண்ணத்தில் மிதந்த கருந்துகள். முதிர்ந்த செம்மது தன் நிறத்தில் ஒரு பங்கைக் கசடாக அடியில் இறக்கிவைக்கும். சாடி மூன்று நாளாவது அசையாமல் நிற்கவேண்டும். ஊற்றும்போது துணியில் வடிக்கவேண்டும். அரசருக்கு வரும் காணிக்கை யானைமேல் ஏறி, முரசு முழங்க மதிலை மும்முறை வலம் வரவேண்டும் என்பது தங்கள் நாட்டு முறை. விருந்துநாள் காலையில் சாடிகளை ஏற்ற வந்தபோது, அசைந்தால் கசடு கலங்கிவிடும், இவற்றை மட்டும் விட்டுவிடுங்கள் என்று என் கணவர் தங்கள் மடைப்பள்ளித் தலைவர் நெடுங்கோடரிடம் வேண்டினார். எங்கள் வேந்தரின் காணிக்கை என்ன, வெறும் கைக்குழந்தையா, தூக்கினால் அழுமா என்று நெடுங்கோடர் கேட்டார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். முறையை மதிக்கவேண்டும் என்று எண்ணி என் கணவர் விலகி நின்றார். அவர் செய்த தவறு அது ஒன்றே.

நான் பெண்கள் வரிசையில், தூணுக்கு அருகில் இருந்தேன். என் கணவர் அவைக்குள் நுழையுமுன்பே நான்கு சாடிகளைத் திறந்து ஊற்றிவிட்டார்கள். தங்களுக்கு முன் சுவைத்துப் பார்க்கும் சுவைஞர் வாயிலிட்டதைத் துப்பினார். கடற்கரைக்காரர் மீன் கொடுப்பார்கள் என்று பார்த்தால் மண்ணைக் கொடுத்திருக்கிறார்கள் என்றார் நெடுங்கோடர். யாரோ நஞ்சு என்றார். என் கணவர் விரைந்து வந்து, அதை இப்படிக் கொடுங்கள், நானே குடிக்கிறேன் என்று சொல்லி ஒரு கையால் கிண்ணத்தை வாங்கினார். மறு கை கச்சைக்குப் போனது. குத்துவாள் எடுக்கிறார் என்று எண்ணி அவரை வீழ்த்தினான் தங்கள் காவலன். அவனை நான் குற்றம் சொல்லவில்லை. நான் அவன் நின்ற இடத்தில் நின்றிருந்தால் அப்படித்தான் எண்ணியிருப்பேன்.

அவர் உடலோடு பெண்களைத் திருப்பி அனுப்பினீர்கள், அதற்கு நன்றியுடையோம். மூடியிருந்த அவர் விரல்களை ஆற்றைக் கடந்த பிறகு நான்தான் பிரித்தேன். உள்ளே வடிதுணி இருந்தது. அதை இவ்வோலையோடு அனுப்பியிருக்கிறேன். துவைத்துவிட்டேன், ஒரு மூலையில் கறை போகவில்லை. மற்ற பகுதி வடிப்பதற்குப் போதும்.

தங்கள் மடைப்பள்ளியின் கல்தளத்தில் இன்னும் இரண்டு சாடிகள் திறக்கப்படாமல் நிற்கின்றன. இருபத்திரண்டு நாட்களாக அவற்றை எவரும் தொடவில்லை என்று தங்கள் தூதரே சொன்னார். அவை நின்ற இடத்திலேயே, தங்கள் கண்முன், இளங்கொற்றன் கையால் திறக்கப்படட்டும். அவன் வடித்து முதலில் குடிக்கட்டும். மாலைவரை பொறுத்திருந்து, பிறகு நெடுங்கோடரும் விரும்பினால் குடிக்கட்டும். பழமதுவில் ஒரு சாடி தானே கெட்டிருப்பதும் உண்டு, அதை மறைக்கமாட்டேன். அதனால்தான் இரண்டையும் திறக்கச் சொல்கிறேன். இரண்டும் கெட்டிருந்தால் என்ன செய்வதென்று எழுத என் எழுத்தாணி நகரவில்லை.

எங்கள் வேந்தர் இரண்டு ஓலைகளுக்கு இசைவு தந்தார். ஒன்று படைத்தலைவருக்கு உரியது. படை எழச் சொல்லும் அதில் இன்னும் முத்திரை இடவில்லை. மற்றொன்று இது. நேரில் கண்டவளே எழுதட்டும், எதை முதலில் அனுப்புவதென்று அவளே முடிவு செய்யட்டும் என்றார். இதை அனுப்புகிறேன். முழுநிலவுக்கு மறுநாள் இளங்கொற்றன் ஆற்றங்கரையில் எங்களிடம் ஒப்படைக்கப்படவேண்டும் என்பது எங்கள் வேந்தரின் கட்டளை. அதுவரை உடன்படிக்கையின் ஒரு சொல்லும் எங்கள் பக்கத்தில் மாறாது.

வலம்புரிச் சங்கு முத்திரை எங்கள் வேந்தர் முன்னிலையில் இடப்பட்டது.

இன்று காலையும் உடன்படிக்கைப்படி தங்கள் மலைக்கு உரிய பதினான்கு உப்பு வண்டிகள் துறையிலிருந்து புறப்பட்டன.